தாத்தாவின் சைக்கிளை மறுபடி ஓட வைப்பது எப்படி? கேள்வி பதில்

வீட்டுப் பெரியவர்கள் விட்டுச்சென்ற பழைய சைக்கிள்களைச் சரிசெய்வது பற்றி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பலரிடமும் இருப்பது கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் கெட்டியான இரும்புக் கம்பிகளால் இயங்குவது) வைத்த கறுப்பு ரோட்ஸ்டர் வகை என்பதால் பதில்கள் அதைச் சுற்றியே இருக்கும்.

கேள்வி: தாத்தா ஓட்டிய சைக்கிள் பல வருடங்களாக மூலையில் நிற்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, அண்ணா.

முதலில் போட்டோ எடுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது, பிரேக் கம்பி எந்த வழியாகப் போனது என்பதெல்லாம் கழற்றிய பிறகு நினைவில் நிற்காது. ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு கோணத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபிரேம். ஹேண்டில் நுழையும் குழாய்க்குப் பின்னால், மேல்பாரிலும் கீழ்பாரிலும் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே பெயின்ட் சுருங்கியோ குறுக்கே விரிந்தோ இருந்தால், சைக்கிள் எப்போதோ முன்பக்கமாக மோதியிருக்கிறது. ஃபோர்க்கின் தோள், பெடல் அச்சு இருக்கும் கூடு, செயின் பக்கத்துப் பின்கம்பி ஆகிய இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் மற்ற வேலைக்கு முன்னால் பித்தளைப் பற்றவைப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஃபிரேம் நன்றாக இருந்தால் பால்ஸ் (அச்சுகள் சுழல உதவும் சின்ன இரும்புக் குண்டுகள்), சக்கரம், பிரேக், அப்புறம்தான் தோற்றம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பெயின்ட்டில் ஆரம்பிப்பவர்கள், பிறகு சுத்தியலும் ஸ்பேனருமாக வேலை பார்த்து அந்தப் புதுப் பெயின்ட்டையே கீறிவிடுகிறார்கள்.

கேள்வி: கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) இருக்கும் காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு) அசையவே மாட்டேன் என்கிறது. நட்டைக் கழற்றிவிட்டு அடித்ததில் மரை நசுங்கிவிட்டது. இனி என்ன செய்வது?

மரை நசுங்கினால் அந்தப் பின் அவ்வளவுதான். ஆனால் கிராங்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பின் புதிதாகக் கிடைக்கும், எனவே இனி கிராங்கைக் காப்பாற்றுவதுதான் வேலை.

துரு இறுக்கம் தளர்த்தும் எண்ணெயைப் பின்னின் இரண்டு முனையிலும் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாளும் விடுங்கள். பிறகு கிராங்கின் அடியில், பின்னின் தலை உள்ளே இறங்கும்படி, கனமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுங்கள். முக்கியமே இந்த முட்டுதான். அது இல்லாமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் அச்சுக்கும் பால்ஸுக்கும் போய், கப்பில் (பால்ஸ் உருளும் கிண்ணம்) குழி விழும். முட்டு சரியாக இருந்தால் கனமான சுத்தியலால் ஒரே அடி, நேராக. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் பின்னின் முனைதான் காளான் மாதிரி விரியும். அடுத்த பக்கத்தைக் கழற்றும்போது நட்டை முழுவதும் எடுக்காமல், மரை நுனியோடு சமமாக நிற்கும்படி விட்டுவிட்டு அடியுங்கள். அடியை நட்டு வாங்கிக்கொள்ளும். காட்டர் அழுத்தும் கருவி கிடைத்தால் சுத்தியலே வேண்டாம்.

அப்படியும் வரவில்லை என்றால் பின்னின் நடுவில் துளையிட்டுப் பலவீனமாக்கி வெளியே தள்ளலாம்.

புதுப் பின் வாங்கும்போது பழையதை அளந்து பாருங்கள். 9 மில்லிமீட்டரும் உண்டு, 9.5 மில்லிமீட்டரும் உண்டு. பிரிட்டிஷ் கம்பெனியான ராலேயின் வகைகளில் பெரும்பாலும் 9.5. மாட்டும்போது இரண்டு பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைய வேண்டும், இல்லையென்றால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. அடித்து இறுக்கிய பிறகுதான் நட்டு. நட்டைத் திருகிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்க்காதீர்கள், மரை போய்விடும். சில கிலோமீட்டர் ஓட்டியதும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள்.

கேள்வி: பெடல் அச்சின் வலதுபக்கக் கப் எவ்வளவு பலம் கொடுத்தாலும் கழலவில்லை.

நீங்கள் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரிட்டிஷ் முறையில் செய்த சைக்கிள்களில் செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை, அதாவது கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். இடது பெடலுக்கும் அப்படித்தான். உண்மையில் அந்தக் கப்பைக் கழற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. இடதுபக்கம் வழியாக அச்சை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியை உள்ளே விட்டுத் துடையுங்கள். கப்பின் பாதையில் குழி இல்லாமல் பளபளப்பாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கவனம்: ராலே தன் சொந்தக் கணக்கில் அங்குலத்துக்கு 26 மரை வைத்தது, மற்றவர்கள் 24. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

பால்ஸைப் பழையதையே போடாதீர்கள். பெடல் அச்சுக்குப் பொதுவாக 1/4 அங்குலம், பக்கத்துக்கு 11. பின்சக்கரத்துக்கு அதே அளவில் பக்கத்துக்கு 9.

கேள்வி: ஹேண்டில்பார், ரிம், கேரியர் எல்லாம் துரு. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைச் சொல்கிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். அது துருவோடு நிற்காமல் இரும்பையும் தின்னும், மிச்சமிருக்கும் குரோமியத்தையும் எடுத்துவிடும். அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் கருவிகளைக்கூடத் துருப்பிடிக்க வைக்கும்.

குரோமியம் பூசிய பாகங்களுக்கு முதலில் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமியத்தைவிட அலுமினியம் மிகவும் மென்மையானது என்பதால் கீறல் விழாது, துருவை மட்டும் எடுக்கும். புள்ளிப் புள்ளியாக இருக்கும் துருவில் பெரும்பங்கு இதிலேயே போய்விடும். சைக்கிள் 1920-களையோ அதற்கு முன்னதையோ சேர்ந்தது என்றால் பூச்சு நிக்கலாக இருக்கலாம். லேசான மஞ்சள் சாயல் தெரியும். நிக்கல் மென்மையானது, அதை மெதுவாகத் துணியும் பாலீஷும் கொண்டு மட்டும் துடையுங்கள்.

ஆழமாகப் பிடித்த துருவுக்கு ஆக்சாலிக் ஆசிட் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 15 கிராம் தூள் போதும். பாகத்தை மூழ்க வைத்துச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இது விஷம், உள்ளே போனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான இடம் மூன்றும் கட்டாயம், குழந்தைகள் பக்கத்திலேயே வரக்கூடாது. எடுத்த பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். ஈரமாக ஒரு மணி நேரம் விட்டாலே மறுபடி துரு பூக்கும். துத்தநாகம் பூசிய ஸ்போக்ஸையும் அலுமினியப் பாகங்களையும் இதில் போடக்கூடாது.

கேள்வி: பெயின்ட் பாதி போய்விட்டது. மாமா புதிதாகப் பவுடர் கோட்டிங் செய்யச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. யார் சொல்வது சரி?

நான் உங்கள் பக்கம். அந்தப் பெயின்ட் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். மேல்பாரில் கால் உரசிய இடம், கேரியரில் மூட்டை கட்டிய கயிறு அறுத்த தடம். அதெல்லாம் தாத்தா அந்தச் சைக்கிளை எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கான சாட்சி. ஒருமுறை மணல் அடித்துச் சுத்தம் செய்துவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது. கையால் இழுத்த தங்கக்கோடும் கம்பெனி முத்திரைகளும் அதோடு போகும். பவுடர் கோட்டிங் தடிமனாகவும் படியும். லக் இணைப்புகளின் (ஃபிரேம் குழாய்கள் சேரும் இடத்து உறைகள்) கூர்மையான ஓரங்கள் மழுங்கிவிடும்.

இருப்பதைக் காப்பாற்றும் வழி இது. மிதமான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். முத்திரைகள் மேல் பெட்ரோலோ தின்னரோ படவே கூடாது, கரைந்துவிடும். பிறகு கார் பாலீஷை மறைவான ஓரிடத்தில் சோதித்துவிட்டு, மென்மையான துணியில் மெதுவாகத் தேயுங்கள். மங்கிக் கிடந்த கறுப்புக்கு அடியில் இவ்வளவு பளபளப்பு இருந்ததா என்று தோன்றும். இரும்பு வெளியே தெரியும் இடத்தில் துருவைச் சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் சின்னத் தூரிகையால் பெயின்ட் தொட்டு, முழுவதுக்கும் மெழுகு பூசுங்கள்.

மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கும் ஒரு நிலை உண்டு. யாரோ முன்பே மட்டமான பெயின்ட்டைப் பூசி, பழைய வேலை எதுவும் மிஞ்சவில்லை, துரு குழாயை அரிக்கிறது என்றால் புதிதாக அடிக்கத்தான் வேண்டும். அப்போதும் 1970-களுக்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

கேள்வி: டயரில் 28 என்று போட்டிருக்கிறது. 28 வாங்கினேன், ரிம்மில் ஏறவே இல்லை.

28 என்ற எண் ரிம்மின் அளவு இல்லை, டயரோடு சேர்ந்த தோராயமான வெளி விட்டம். 28 × 1½ டயர் உட்காரும் ரிம் 635 மில்லிமீட்டர். 28 × 1⅝ × 1⅜ என்றால் 622. இரண்டும் 28-தான், ஒன்றில் மற்றொன்று ஏறாது. 26 × 1⅜ பெரும்பாலும் 590, ஆனால் 597-உம் உண்டு. டயரின் பக்கவாட்டில் 40-635 மாதிரி ஒரு எண் இருக்கும். அதில் பின்னால் வரும் மூன்றிலக்கத்தை மட்டும் நம்பி வாங்குங்கள்.

கேள்வி: தோல் சீட் பலகை மாதிரி இறுகிவிட்டது. எண்ணெயில் ஊற வைக்கலாம் என்று சொல்கிறார்கள்.

ஊற வைத்தால் தோல் தொய்ந்து, நடுவில் குழி விழுந்து, இரண்டு பக்கமும் விரிந்துவிடும். அதற்கப்புறம் சரிசெய்ய முடியாது. தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த சீட் மெழுகை அடிப்பக்கத்தில் தாராளமாகவும் மேலே மெல்லியதாகவும் தடவி, ஒரு நாள் விட்டுத் துடையுங்கள். சில வாரங்களுக்கு அப்படியே செய்யுங்கள். முன்மூக்கில் இருக்கும் நட்டைக் காய்ந்த தோலில் இறுக்காதீர்கள், ரிவெட் துளையிலிருந்து கிழியும். கிழிந்தே போயிருந்தால் பழைய கம்பிச் சட்டத்தின் மேல் புதுத் தோல் அடிக்கலாம்.

கேள்வி: பின்சக்கரத்தில் இருப்பது ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு). ஏறும்போது திடீரென்று பெடல் வெறுமனே சுற்றுகிறது, சார். ஒருமுறை விழப் பார்த்தேன்.

சரிசெய்யும்வரை நின்று மிதிக்காதீர்கள். இந்த ஏ.டபிள்யூ. வகை ஹப்பில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எதுவும் பிடிக்காத ஓர் இடம் இருக்கிறது. கம்பி சரியான நீளத்தில் இல்லாவிட்டால் அங்கே போய் நின்றுவிடும்.

கியரை இரண்டாவதில் வைத்துவிட்டு, வலதுபக்க அச்சு நட்டில் இருக்கும் துளை வழியாகப் பாருங்கள். சின்னச் சங்கிலியோடு இணைந்த கம்பியின் தோள், அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். அட்ஜஸ்டரைத் திருப்பி அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய எண்ணெய் கோந்தாகி உள்ளிருக்கும் பற்கள் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். ஹப் மேல் இருக்கும் எண்ணெய்த் துளையில் மெல்லிய இயந்திர எண்ணெயை விட்டு, சக்கரத்தைச் சுற்றி ஒரு நாள் விடுங்கள். கிரீஸ் போடக்கூடாது.

அப்படியே ஹப்பின் மேல் துணியால் துடைத்துப் பாருங்கள். தயாரித்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் பொறித்திருக்கும். சக்கரம் மாற்றப்படாமல் இருந்தால் சைக்கிளின் வயது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எல்லாம் முடிந்தது, பிரேக் மட்டும் பிடிக்கவே இல்லை.

கம்பி பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் உள்முகத்தை மேல்நோக்கி அழுத்துகின்றன. எனவே சக்கரம் கோட்டம் இருந்தால் பிரேக்கும் வராது. முதலில் கோட்டம் எடுங்கள். பிறகு கட்டையின் முழு நீளமும் ரிம்மில் படும்படி வையுங்கள், இறுகிப்போன பழைய ரப்பரை மாற்றுங்கள், கம்பி இணையும் முட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இவ்வளவு செய்தாலும் மழையில் எஃகு ரிம்மில் பிடிப்பு மிகக் குறைவு. நனைந்திருக்கும்போது முன்கூட்டியே, பாதி வேகத்தில் இருக்கும்போதே பிரேக்கைத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: பாட்டியின் சைக்கிளில் நவீன கியர் செட் மாட்டலாமா?

பின்கம்பிகளை விரிக்கவும் அறுக்கவும் வேண்டிவரும். என் கருத்து: வேண்டாம். ஏறுவது கஷ்டமாக இருந்தால் பின்னால் ஒன்றிரண்டு பல் கூடுதலான பிரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) போடுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும். பழைய பிரீவீலை எடுத்து வைத்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம்.

கேள்வி: முன்சக்கர ஹப்பிலேயே டைனமோ இருக்கிறது. பிரித்துச் சுத்தம் செய்யலாமா?

வெளியே துடையுங்கள், பால்ஸுக்கு கிரீஸ் வையுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே வட்டமான காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். அந்தக் காலக் காந்தத்தைச் சுருளிலிருந்து வெறுமனே உருவினால் காந்த சக்தியில் பெரும்பகுதி போய்விடும், சைக்கிளை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் விளக்கு மினுக்மினுக் என்றுதான் எரியும். பிரித்தே ஆக வேண்டும் என்றால் காந்தத்துக்குள் அளவான இரும்பு வளையம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே சுருளை வெளியே எடுக்க வேண்டும். எரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் வயர் முனைகளைச் சுரண்டி, பல்பை மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே வெளிச்சம் வந்துவிடும். இதில் வருவது 6 வோல்ட் மாறுமின்னோட்டம் என்பதால், பேட்டரிக்கான எல்இடி விளக்கை நேராக மாட்டாதீர்கள். சைக்கிள் டைனமோவுக்கென்றே செய்த விளக்காகப் பார்த்து வாங்குங்கள்.