துலீப்சிங்ஜி 27 வயதிலேயே கிரிக்கெட்டை விட்டது ஏன்?

துலீப் கோப்பைக்குப் பெயர் தந்தவர் இங்கிலாந்துக்கு ஆடியவராமே, அப்புறம் ஏன் அவ்வளவு சீக்கிரம் நிறுத்தினார் என்று கேட்டிருக்கிறீர்கள். நுரையீரல்தான் காரணம்.

கத்தியவாரில் பிறந்த துலீப், ரஞ்சி கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜியின் சகோதரர் மகன். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே சசெக்ஸ் கவுண்டிக்கு ஆட வந்துவிட்டார். அங்கேதான் கடும் நிமோனியா வந்தது. 1927 சீசனின் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. உடம்பு முழுமையாகத் தேறவே இல்லை.

ஆனாலும் 1930-ஐப் பாருங்கள். மே மாதம் ஹோவ் மைதானத்தில் நார்தாம்ப்டன்ஷயருக்கு எதிராக ஒரே நாளில் 333 ரன்! ரஞ்சியின் 285 என்ற சசெக்ஸ் சாதனை உடைந்தது. துலீப்பின் சாதனையோ 2003 வரை நின்றது. அடுத்த மாதமே லார்ட்ஸில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்டில் 173. கிரிம்மெட் பந்தைத் தூக்கி அடித்து பிராட்மேனிடம் கேட்ச் கொடுத்தார். அந்த டெஸ்டில் பிராட்மேன் 254 அடித்ததால் இதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

1932-இல் சசெக்ஸ் கேப்டன். ஆகஸ்டில் டான்டனில் சாமர்செட்டுக்கு எதிராக 90 அடித்தார். அதோடு உடம்பு விழுந்துவிட்டது. காசநோய். இங்கிலாந்து பவுலர்கள் பேட்ஸ்மேன்களின் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசிய பாடிலைன் தொடருக்கான ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தேர்வாகியிருந்தும் போக முடியவில்லை. 12 டெஸ்ட், 995 ரன், சராசரி 58.52.

பிறகு சுதந்திர இந்தியாவின் தூதராக ஆஸ்திரேலியா போனார். 1959-இல் பம்பாயில் காலமானார். 1961-இல் கோப்பை தொடங்கியது.