நாலு பேர் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? வாசகர் கேள்வி பதில்

சமூக விழுமியங்களை அளக்கும் ஆய்வுகள் குறித்துச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்மாதம் பதிலளிக்கிறேன்.

‘சிங்கப்பூரர்களில் இத்தனை விழுக்காட்டினர் இப்படி நினைக்கிறார்கள்’ என்று நாளிதழ்களில் படிக்கிறோம். என்னிடமோ என் அண்டை வீட்டாரிடமோ யாரும் எதையும் கேட்டதில்லை. சில ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு நாடே இப்படித்தான் என்று சொல்வது முறையா? – வாசகி, ஈசூன்

முறைதான், கேட்கப்பட்டவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதைப் பொறுத்து. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுவதும் ஒரே சூட்டில் வெந்திருந்தால்தான் பொருந்தும். மனிதர்கள் அப்படி ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், குடியிருப்போர் ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு இருக்கும்படி குலுக்கல் முறையில் முகவரிகளை எடுத்து, அந்தந்த வீட்டுக்கே சென்று கேட்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதில் சொல்லும் சமூக ஊடக வாக்கெடுப்பில் லட்சம் பேர் கலந்துகொண்டாலும் அதற்கு இந்த மதிப்பு கிடையாது.

மக்களின் நம்பிக்கைகளையும் மனப்போக்குகளையும் பல நாடுகளில் கேட்டறியும் உலக விழுமியங்கள் ஆய்வு 1981-இல் தொடங்கியது. அமெரிக்க அரசியல் அறிஞர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட் அதனைப் பல பத்தாண்டுகள் வழிநடத்தினார். அதன் ஏழாம் சுற்றுக்காகச் சிங்கப்பூரில் கொள்கை ஆய்வுக் கழகம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை 2,012 பேரிடம் பதில்களைத் திரட்டியது. அத்தனை பேரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், நாடு முழுவதற்குமான விடையில் ஏறத்தாழ 2 விழுக்காட்டுப் புள்ளி முன்பின்னாக இருக்கலாம். நம் சமூகத்தைப் பற்றிப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. குடியிருப்போரில் இந்தியர் சுமார் 9 விழுக்காட்டினர். அதே விகிதத்தில் எடுத்தால் 2,000 பேரில் அவர்கள் ஏறத்தாழ 180 பேராகத்தான் இருப்பார்கள், பிழை எல்லையும் 7 புள்ளிகளுக்கு மேல் போய்விடும். அவர்களுக்குள் தமிழரை மட்டும் பிரித்துப் பார்த்தால் எண்ணிக்கை இன்னும் சுருங்கும். ‘இந்தியர்கள் மற்றவர்களைவிட 4 விழுக்காடு அதிகமாக இப்படிக் கருதுகிறார்கள்’ என்று எங்காவது படித்தால், எத்தனை இந்தியர்களைக் கேட்டார்கள் என்று முதலில் தேடிப் பாருங்கள்.

கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதும் முக்கியம். ‘வேலை வாய்ப்புகள் அரிதாக இருக்கும்போது பெண்களைவிட ஆண்களுக்கே வேலையில் அதிக உரிமை இருக்க வேண்டும்’ என்ற கூற்றை இவ்வாய்வு நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. முந்தைய சுற்றுகளில் ஒப்புக்கொள்கிறேன், இரண்டுமில்லை, மறுக்கிறேன் என்று மூன்று விடைகளே இருந்தன. ஏழாம் சுற்றில் அவை ஐந்தாயின. ஆகவே பழைய விழுக்காட்டையும் புதிய விழுக்காட்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ‘மனப்போக்கு மாறிவிட்டது’ என்று முடிவு கட்டக் கூடாது.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். வீட்டு வேலை இருவருக்கும் பொது என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு, செய்தும் வருகிறேன். ஆனாலும் எல்லாச் சுமையும் தன் தலையில்தான் என்கிறார் மனைவி. ஆய்வுகள் யார் பக்கம்? – வாசகர், புக்கிட் பாஞ்சாங்

உங்கள் நம்பிக்கையைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் நம்புவதும் செய்வதும் வேறு வேறு என்பதைச் சமூகவியல் வெகு முன்னரே கண்டுகொண்டது. 1930-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லபியேர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சீனத் தம்பதியுடன் தம் நாட்டைச் சுற்றிவந்தார். சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. இருந்தும் அவர்கள் நுழைந்த 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஓர் இடத்தில்தான் அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர் அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று கேட்டபோது, பதில் அனுப்பியவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மாட்டோம் என்றார்கள். அங்கே சொல் செயலைவிட மோசமாக இருந்தது. வீட்டு வேலையிலோ பெரும்பாலும் சொல் செயலைவிட அழகாக இருக்கிறது.

அதனால்தான் ‘நீங்கள் எவ்வளவு உதவுகிறீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, நேரக் கணக்கு எடுக்கும் முறை வந்தது. இந்தியாவில் 2019-இல் நடந்த முதல் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணிவரை ஒவ்வோர் அரை மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பதிந்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். அந்த 97 நிமிடமும் எல்லா ஆண்களுக்குமான சராசரி இல்லை. அன்றைய நாளில் வீட்டு வேலையைத் தொட்ட ஆண்களே 26 விழுக்காட்டினர்தான்.

உங்கள் மனைவியின் மனக்குறைக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் தம்பதியரைத் தனித்தனியே விரிவாகப் பேட்டி கண்டு, வீட்டுக்காக மனத்தால் செய்யப்படும் உழைப்பை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவுப்படி நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் கணவனும் மனைவியும் பெரும்பாலும் சேர்ந்தே நிற்கிறார்கள். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும்தான் பெண்கள் பக்கம் அதிகம் சாய்கின்றன. பிள்ளையின் பள்ளிச் சீருடை சிறிதாகிவிட்டதைக் கவனிப்பது, பாட்டியின் மருந்து வெள்ளிக்கிழமைக்குள் தீர்ந்துவிடும் என்று கணக்கிடுவது, மருந்தகச் சந்திப்பை நினைவூட்டுவது ஆகியவை எந்த நேரக் குறிப்பிலும் ஏறுவதில்லை. சொன்னதும் நீங்கள் செய்துவிடலாம். சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர் சுமை.

நம் நாட்டில் இன்னொரு கூறும் உண்டு. 1978-இல் தொடங்கிய வெளிநாட்டு இல்லப் பணிப்பெண் திட்டத்தால், பல வீடுகளில் ‘யார் செய்வது?’ என்ற கேள்வி கணவன் மனைவிக்கிடையே எழாமலேயே இன்னொரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. வீட்டு வேலையை ஆணும் பெண்ணும் பகிர்வது பற்றிப் பேசும் எந்தச் சிங்கப்பூர் ஆய்வும் அவருடைய உழைப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் அது பாதி ஆய்வுதான் என்பது என் கருத்து.

பெண்களுக்கு ஆண்களைவிடச் சம்பளம் குறைவு என்கிறார்களே, ஒரே வேலைக்குமா? – வாசகி, ஜூரோங் வெஸ்ட்

மனிதவள அமைச்சு 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 25 முதல் 54 வயதுக்குட்பட்ட முழுநேர ஊழியர்களிடையே 2018-இல் ஆண் பெண் இடைநிலைச் சம்பள (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் சம்பளம்) வேறுபாடு 16.3 விழுக்காடு. வயது, கல்வி, தொழில், துறை போன்றவற்றைச் சமன்செய்து பார்த்தபோது அது 6 விழுக்காடாகக் குறைந்தது. எஞ்சிய 6 விழுக்காடு முழுவதும் பாகுபாடு என்றும் சொல்ல முடியாது, விளக்கம் கிடைத்த 10 விழுக்காடு நியாயமானது என்றும் சொல்ல முடியாது. எந்தத் தொழிலில் பெண்கள் குவிகிறார்கள் என்பதே அந்தப் பத்தின் பெரும்பகுதி. 2023-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், செல்வ நாடுகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகே விரிகிறது என்று காட்டினார். எந்நேரமும் அழைத்தால் வந்து நிற்பவருக்கு மிகுதியாகக் கொடுக்கும் வேலைகளில் இடைவெளி பெரிது. அமெரிக்க மருந்தாளர்களைப்போல் ஒருவர் இடத்தில் இன்னொருவர் சிக்கலின்றி நிற்கக்கூடிய தொழிலில் அது சிறிது.

பெண்கள், வேலை, சுற்றுச்சூழல் என்று மூன்றையும் ஒரே ஆய்வில் ஏன் சேர்க்கிறார்கள்? பெண்கள் இயற்கைக்கு நெருக்கமானவர்கள் என்பதாலா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தோ பாயோ

ஐயா, நெருக்கம் என்ற அந்தக் கருத்தைச் சுற்றி ஒரு பெரிய விவாதமே நடந்திருக்கிறது. சுற்றுச்சூழல் குறித்துப் பெண்கள் ஆண்களைவிடச் சற்றுக் கூடுதலாகக் கவலைப்படுகிறார்கள் என்று பல நாட்டுக் கருத்தாய்வுகள் காட்டியது உண்மை. இந்தியச் சூழலியல் சிந்தனையாளர் வந்தனா சிவா 1980-களில் பெண்ணுக்கும் இயற்கைக்கும் தனி உறவு இருப்பதாக எழுதினார். பொருளியலாளர் பீனா அகர்வால் 1992-இல் அதை மறுத்தார். விறகும் தண்ணீரும் தீவனமும் தேடும் வேலை ஏழைப் பெண்களுடையது, காடு அழிந்தால் அவர்கள்தாம் கூடுதல் தொலைவு நடக்க வேண்டும், எனவே அவர்களது அக்கறை செய்யும் வேலையிலிருந்தும் நிலம் யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்தும் பிறக்கிறது என்பது அவருடைய வாதம். எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது. நெருக்கம் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், தண்ணீர்க் குடத்தை அவள் இடுப்பிலிருந்து இறக்கவேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடும்.

மூன்றும் ஒரே நூலில் கோத்திருப்பதற்கு மிக அழகான சான்று ஏர் பற்றிய ஆய்வு. மண்வெட்டியும் களைக்கொத்தும் கொண்டு பயிர் செய்த சமூகங்களில் பெண்கள் வயலில் இருந்தார்கள் என்றும், உடல்வலு மிகுதியாகத் தேவைப்படும் ஏர் வந்த இடங்களில் அவர்கள் வீட்டுக்குள் ஒதுக்கப்பட்டார்கள் என்றும் டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போசெரப் 1970-இல் எழுதினார். 2013-இல் அல்பெர்ட்டோ அலெசினா, பாவோலா ஜூலியானோ, நேதன் நன் ஆகியோர் அதைச் சோதித்தார்கள். முன்னோர் ஏர் உழுத சமூகங்களில் இன்று பெண்கள் வேலைக்குப் போவது குறைவாகவும், மேலே சொன்ன ‘வேலை அரிதானால் ஆணுக்கே’ என்ற கூற்றுக்கு ஆதரவு அதிகமாகவும் இருப்பதைக் கண்டார்கள். ஏரையே பார்த்திராத, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளிடம்கூட அதன் தடம் தெரிந்தது.

நம் முன்னோர் ஊரும் ஏர் உழுத ஊர்தானே என்று நீங்கள் கேட்கலாம். 2014-இல் பொருளியலாளர் எலியானா கர்ரான்சா இந்திய மாவட்டங்களை மண்வாரியாகப் பிரித்துப் பார்த்தார். ஆழ உழக்கூடிய பொலபொலப்பான மண்ணில் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் தேவை குறைகிறது. அங்கே பெண்களின் வேளாண் வேலை குறைவு, குழந்தைகளில் பெண்களின் பங்கும் குறைவு. ஆழ உழ முடியாத களிமண் மாவட்டங்களில் நிலை மேல். காவிரிப் படுகையில் முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்களையும், மலாயா ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டிய பெண்களையும் பாட்டிகளாகக் கொண்ட நமக்கு, ‘பெண் வேலைக்குப் போவது புதுநாகரிகம்’ என்ற பேச்சு எப்படி வந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

சுற்றுச்சூழல் முக்கியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் புளோக்கின் நீல நிற மறுசுழற்சித் தொட்டியிலோ சாப்பாட்டு மிச்சம் கிடக்கிறது. இது வெறும் வாய்ப்பேச்சுதானே? – வாசகர், செங்காங்

அப்படி அவசரமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நம் வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 2023-இல் 12 விழுக்காடுதான், உண்மை. ஆனால் பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் குப்பைக் குழாய் சமையலறையிலேயே இருக்கிறது, நீலத் தொட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதனால்தான் புதிய குடியிருப்புகளில் மறுசுழற்சிக்கென்று தனிக் குழாய் வைக்கிறார்கள். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு என்றானதும், அதே மனிதர்கள் வீட்டிலிருந்தே பை கொண்டுவரத் தொடங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி தெரிந்தால், மனத்தைக் குறை கூறுமுன் ஏற்பாட்டைப் பாருங்கள்.

குழந்தைக்கு ஓராண்டு ஆகும்வரை என் கணவர் வேலையை விட்டு வீட்டில் இருக்க விரும்புகிறார். என் சம்பளம் போதும். அத்தைக்கும் உள்ளூரச் சம்மதம்தான். ஆனால் ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்று தயங்குகிறார். அந்த நாலு பேரை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? – வாசகி, பொங்கோல்

ஆராய்ந்திருக்கிறார்கள் அம்மா, அதுவும் மிக அருமையாக. லியோனார்டோ பர்ஸ்டின் உள்ளிட்ட பொருளியலாளர் மூவர் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், மணமான சுமார் 500 இளைஞர்களைக் குழுக்களாக ஓர் அறையில் அமர்த்தி, பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலை செய்ய அனுமதிக்கலாமா என்று பெயர் குறிப்பிடாமல் கேட்டார்கள். பெரும்பான்மையோர் அனுமதிக்கலாம் என்றார்கள். அடுத்து, இதே அறையில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டபோது, உண்மையைவிட மிகக் குறைவாகவே பலரும் ஊகித்தார்கள். ஒவ்வொருவரும் தம்மை விதிவிலக்கு என்று எண்ணிக்கொண்டு வாயடைத்திருந்தார்கள்.

பிறகு, குழுவில் பாதிப் பேருக்கு மட்டும் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். சிறு பரிசு அட்டை வேண்டுமா, மனைவியின் பெயரை வேலை தேடித்தரும் சேவையில் பதிய வேண்டுமா என்று கேட்டபோது, உண்மை தெரிந்தவர்கள் பதிவைத் தேர்ந்தெடுத்தது அதிகம். சில மாதங்கள் கழித்து விசாரித்தபோது, அவர்கள் மனைவியர் வெளி வேலைக்கு விண்ணப்பித்ததும் நேர்காணலுக்குச் சென்றதும் அதிகமாகவே இருந்தது. யாருடைய கொள்கையையும் யாரும் மாற்றவில்லை. பக்கத்தில் இருப்பவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே தெரிவித்தார்கள்.

உங்கள் அத்தையிடம் நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்த நாலு பேரை முதலில் கேட்டுப் பாருங்கள். உறவில் வயதில் மூத்த இருவரிடமும், கோயிலில் சந்திக்கும் தோழியரிடமும் அவரே பேச்செடுக்கட்டும். எதிர்ப்பவரும் இருக்கக்கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எத்தனை பேர் என்பது ஊகமாக இல்லாமல் கைக்கணக்காக இருக்கும். கணவரின் முதலாளியிடமும் பேசலாம். அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்து, 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டுதலின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறைப்படி விண்ணப்பித்தால் நிறுவனம் அதைப் பரிசீலித்து எழுத்தில் பதிலளிக்க வேண்டும். வேலையை முழுவதும் விடாமலேகூட வழி பிறக்கலாம்.

இவற்றையெல்லாம் ஆய்வாளர் அல்லாதவர்கள் படிக்க முடியுமா? – மாணவி, உட்லண்ட்ஸ்

முடியும். உலக விழுமியங்கள் ஆய்வின் கேள்வித்தாள்களும் தரவுகளும் அதன் இணையத்தளத்தில் இலவசம். கொள்கை ஆய்வுக் கழகத்தின் சிங்கப்பூர் அறிக்கையும் அப்படியே. அறிக்கையின் முகப்பில் உள்ள சுருக்கத்தைப் படிக்குமுன், ஆய்வின் கேள்வித்தாளைத் திறந்து, வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து நீங்களே ஒருமுறை பதில் எழுதிப் பாருங்கள். எந்தக் கேள்வியில் தயங்கினீர்கள், எதில் உங்கள் விடையும் அம்மாவின் விடையும் பிரிந்தன என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.