சாத்துக்குடியில் ஊசித்துளை: மருந்தை மாற்றிப் பயனில்லை

கேள்வி: ஐயா, என் சாத்துக்குடித் தோட்டத்தில் நிறம் மாறத் தொடங்கிய பழங்கள், ஊசியால் குத்தியது போன்ற துளையுடன் அழுகி உதிர்கின்றன. மருந்துக்கடையில் சொன்னபடி மூன்று முறை தெளித்தும் உதிர்வு நிற்கவில்லை; ஒரு புழுவைக்கூடக் காணவில்லை. இன்னும் கடுமையான மருந்து எது?

பதில்: புழுவைக் காணவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரியில்தான் இருக்கிறது. பழ ஈயாக இருந்தால் அழுகிய சுளைக்குள் புழு நெளியும். உங்கள் பழத்தையோ துளையருகே அழுத்திப் பாருங்கள், சாறு மட்டும் கசியும். இது யூடோசிமா இனத்தைச் சேர்ந்த பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் வேலை. மற்ற அந்துப்பூச்சிகளில் பெரும்பாலும் புழுதான் பயிரைத் தின்னும். இதில் வளர்ந்த பூச்சியே எதிரி. அதன் உறிஞ்சுகுழல் முனையில் முள் போன்ற பற்கள் இருப்பதால் தடித்த தோலையும் துளைத்துவிடும். பிறகு பூஞ்சாணம் அந்தத் துளை வழியே நுழைந்து அழுகலை முடித்துவைக்கும்.

பகலெல்லாம் சருகோடு சருகாகக் கிடந்துவிட்டு, இருட்டிய பின் வெளியிலிருந்து பறந்து வந்து, தோலுக்கு உள்ளே இருக்கும் சாற்றைக் குடித்துவிட்டுப் போகும் பூச்சியைத் தோலின் மேல் படிந்த மருந்து என்ன செய்யும்? கடைக்காரர் இது தெரிந்தும் விற்றிருந்தால் அது ஏமாற்று, தெரியாமல் விற்றிருந்தால் அவரிடம் ஆலோசனை கேட்டது உங்கள் பிழை. அறுவடை நெருங்கும் பழத்தில் நஞ்சு எச்சம் சேர்ந்ததுதான் மிச்சம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இந்தப் பூச்சியின் புழு எங்கே வளர்கிறது என்பதை. வேலியில் படரும் சீந்தில், கட்டுக்கொடி ஆகியவற்றைப் புரட்டிப் பாருங்கள். உடலின் முன்பகுதியில் பக்கத்துக்கு இரண்டு கண் போன்ற வட்டங்களுடன், தொட்டால் தலையை உள்ளே மடக்கிக்கொள்ளும் கரும்புழு அகப்படலாம். மருந்துக்கு ஆகும் கொடி என்று சீந்திலை விட்டுவைப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது இந்தப் புழுக்களைப் பொறுக்க வேண்டும். ஆனால் பூச்சி தொலைவிலிருந்தும் வரும் என்பதால் வேலியைச் சுத்தம் செய்வது மட்டும் போதாது.

நான் எவரிடமும் விடாமல் வற்புறுத்துவது, பழம் நிறம் மாறத் தொடங்கியதிலிருந்து அறுவடை வரை, இரவு உணவுக்குப் பின் டார்ச்சும் கைவலையுமாக வரிசை வரிசையாக நடப்பதைத்தான். வெளிச்சத்தில் அதன் கண்கள் கனல் போல் மின்னும். சிறகை விரித்தால் கருப்புப் பட்டையுள்ள ஆரஞ்சுப் பின்சிறகு காட்டிக்கொடுத்துவிடும். முடிந்த மரங்களில் பழங்களுக்குக் காகித உறை கட்டுங்கள். உதிர்ந்த பழங்களின் புளித்த வாடை மேலும் பூச்சிகளை அழைக்கும் என்பதால், அவற்றை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.