அங்கோபர் மலையில் நீங்கள் எடுத்த படம்: அது எந்த ஃபிஞ்ச்?

எத்தியோப்பியாவின் அங்கோபர் மலையில் நீங்கள் படமெடுத்த ஃபிஞ்ச் (விதை தின்னும் சிறு பறவை), அந்த ஊரின் பெயரைத் தாங்கிய அங்கோபர் செரின்தானா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு தெளிவாகத் தெரிந்ததென்று நீங்களே எழுதியிருப்பதால், நீங்கள் படமெடுத்தது அங்கோபர் செரின் அன்று. எத்தியோப்பிய மேட்டுநிலம் எங்கும் சாதாரணமாகக் காணப்படும் ஸ்ட்ரீக்கி சீட்ஈட்டர் என்னும் வேறொரு ஃபிஞ்சாகவே இருக்க வேண்டும்.

இரண்டும் பழுப்பு உடலில் கருங்கீற்றுகள் கொண்டவை என்பதும், பறவை நின்ற இடம் அங்கோபர் என்பதும் சேர்ந்தே உங்களைக் குழப்பியிருக்கும். ஊர்ப்பெயரைத் தாங்கிய பறவை அந்த ஊரில் எளிதில் கிடைத்துவிடும் என்று நம்புவது இயல்புதான். ஆனால் 1979-இல்தான் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட அங்கோபர் செரின், செங்குத்தான பாறைச்சரிவுகளின் விளிம்பை விட்டு அதிகம் விலகுவதில்லை.

படங்களை மறுபடி பெரிதாக்கி முகத்தை மட்டும் பாருங்கள். செரினின் முகம் எடுப்பான புருவமின்றி மங்கலாக, ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். அடுத்து, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள்: புதரின் மேல் தனியாக அமர்ந்திருந்ததா, அல்லது சிறு கூட்டமாகப் புல்தரையில் விதை பொறுக்கிவிட்டுச் சட்டென்று பள்ளத்தாக்குப் பக்கம் பறந்ததா? பின்னது செரினின் வழக்கம்.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். மூடுபனியிலோ பறவைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விழும்போதோ எடுத்த படத்தில் புருவக்கோடு மறைந்துவிடக்கூடும். ஆகவே கோடு இல்லாத ஒரே ஒரு படத்தை வைத்துச் செரின் என்று பதிவிட்டுவிடாதீர்கள்.

மீண்டும் செல்வதானால், டெப்ரே சினா ஊருக்கு மேலுள்ள கெமெஸ்ஸா கெடெல் என்ற பாறைச்சரிவின் விளிம்பில் காலையில் காத்திருங்கள்.