திட்டம் பலன் தந்தது என்று தெரிந்தபின் மீடியேஷன் அனாலிசிஸ் எதற்கு?

ஊர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்துச் சோதித்தாகிவிட்டது, பலனும் தெரிகிறது, அது எந்த வழியாக வந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பலனில் எவ்வளவு எந்த இடைக்காரணி வழியாக வந்தது என்று பிரித்துப் பார்க்கும் கணக்குதான் மீடியேஷன் அனாலிசிஸ். ஆய்வேடு எழுதும் மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வியால் நான் ஒரு வேலையையே விட்டேன்.

கர்ப்பிணிகளின் ரத்தசோகையைக் குறைக்கும் ஒரு திட்டத்தில் தரவு பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஊர்களில் நர்சம்மா வீட்டுக்கே போய் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிப் பேசுவார். அந்த ஊர்களில் ஹீமோகுளோபின் கூடியது. கூடியதில் பெரும்பங்கு மாத்திரையால்தான் என்று எழுதச் சொன்னார் மேலதிகாரி. 1986இல் பேரன் (Baron), கென்னி (Kenny) என்ற இரு உளவியலாளர்கள் இதற்குக் காட்டிய முறையில் போட்டால் கணக்கும் அப்படித்தான் வந்தது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நர்சம்மா எந்த ஊருக்குப் போவார் என்பதற்குத்தான் சீட்டுப் போட்டோம். யார் மாத்திரையை விழுங்குவார் என்பதற்கு இல்லை. தவறாமல் விழுங்கிய பெண்களின் வீட்டில் மாமியார் அனுசரணையாக இருந்தார், முட்டையும் கீரையும் கிடைத்தன. அந்தச் சாப்பாடும் ரத்தத்தைக் கூட்டும். அதையும் சேர்த்து மாத்திரையின் கணக்கிலேயே எழுதியிருந்தோம். சாப்பாடே நர்சம்மாவின் பேச்சால் மாறியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது, வழக்கமான முறையில் சரிக்கட்டினாலும் விடை தப்பும். இதை ஒரு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். நீக்கிவிட்டார்கள். வீடு வீடாகப் போய்க் காலி மாத்திரை அட்டைகளை எண்ணிய பெண்களுக்குப் பயணப்படி மாதக்கணக்கில் வரவில்லை, அறிக்கையில் பெயரும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை, புள்ளியியல் படித்தவர்கள் கோபப்பட வேண்டாம். நாம் அளக்காத காரணி எவ்வளவு வலுவாக இருந்தால் விடை கவிழும் என்று சோதிக்க 2010இலேயே இமாய், கீல், டிங்லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் வழி சொல்லியிருக்கிறார்கள். அதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்டேன்.

சரி, வழி ஏன் முக்கியம்? ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்த கழிப்பறைச் சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 ஆயின. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் கழிப்பறை வீண் என்று சொல்லிவிடலாம். நடுவில் பார்த்தால்தான், கட்டிய வீட்டிலும் எல்லோரும் அதற்குள் போகவில்லை என்பது தெரியும். சங்கிலி அறுந்த இடம் தெரியாமல் அடுத்த திட்டத்துக்கு எதை மாற்றுவீர்கள்?

உங்கள் ஆய்வில் திட்டம் தொடங்குமுன் எடுக்கும் முதல் சுற்றுக் கணக்கெடுப்பு இன்னும் முடியவில்லை என்றால், சாப்பாடு, வீட்டுச் சூழல் பற்றிய கேள்விகளை இப்போதே சேர்த்துவிடுங்கள். திட்டம் தொடங்கியபின் கேட்டால், பழைய நிலையா திட்டத்தால் மாறியதா என்று பிரிக்க முடியாது.