ஹட்டன் குளிரில் ராணி அந்தூரியம்

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். கண்டியில் வாங்கிய ராணி அந்தூரியத்தை, பூவுக்கல்ல, நீண்ட பெரிய இலைக்காக வளர்க்கும் செடி அது, விறாந்தையில் வைத்திருக்கிறேன். இணையத்தில் சொன்னபடி தினமும் இலைக்குத் தண்ணீர் தெளித்தேன், மண்ணைக் காயவே விடவில்லை. ஜூன் மழையோடு கீழ் இலைகள் மூன்று ஒன்றாக மஞ்சளாகிவிட்டன. புது இலை விரிவதற்குள் ஓரம் கருகிவிட்டது. எங்கள் குளிருக்கு இது ஒத்துவராதா? கண்டியில் இருக்கும் அக்காவிடம் கொடுத்துவிடட்டுமா? வெளிநாட்டிலிருந்து வேறொன்றைப் பார்சலில் எடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அக்காவிடம் கொடுக்க வேண்டாம். முதலில் செடியைச் சாடியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். பழைய இலை ஒன்று மட்டும் மஞ்சளானால் வயது என்று விட்டுவிடலாம். மூன்று சேர்ந்து மஞ்சளாகி, புது இலையும் கருகினால் வேர் அழுகுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் படித்த குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டில் கதவடைத்துச் சூடேற்றும் வீடுகளை நினைத்து எழுதப்பட்டவை. அங்கே காற்று வறண்டு கிடக்கும், தெளித்துத்தான் ஆகவேண்டும். உங்கள் பக்கம் நிலைமை நேர்மாறு. பக்கத்தில் வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மே முதல் செப்டம்பர் வரை கொடியில் போட்ட துணியே காயாது. அந்த மாதங்களில் இலைக்குத் தெளிப்பதை அடியோடு நிறுத்துங்கள். ஈரம் தேவைக்கு மேல் இருக்கிறது, வேருக்குக் காற்றுதான் இல்லை.

லயத்துக்குப் பின்னால் பீலிக்கரையில் தழைக்கும் சேம்பும் இதே குடும்பம்தான். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சேம்புக்குத் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு, சேற்றில் நிற்கும். ராணி அந்தூரியமோ கொலம்பியாவின் மழைக்காட்டில் மரத்தைப் பற்றி வளர்வது. அதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. மழை பெய்தால் உறிஞ்சிக்கொள்ளும், விட்டதும் காற்றில் உலரும். அந்த உலரும் நேரம் கிடைக்காவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். குளிரில் வேர் தண்ணீர் குடிப்பதும் குறையும், சாடி காயவும் நாளாகும். குளிரையோ ஈரத்தையோ தனித்தனியாக ஓரளவு தாங்கும் செடி, இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் விழுகிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வேரைக் கழுவி, பழுப்பாகிக் குழைந்ததையெல்லாம் நெருப்பில் காட்டிய கத்தியால் வெட்டுங்கள். கெட்டியாக இருக்கும் வேரைத் தொடவேண்டாம். வெட்டுவாய் சில மணி நேரம் உலரட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இதன் சாறு சேம்பைப் போலவே அரிக்கும். மண்ணையும் தும்புத்தூளையும் விட்டுவிடுங்கள். பொச்சுமட்டையை விரல்நுனி அளவு துண்டுகளாக நறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவைத்து உப்பை நீக்குங்கள். அதோடு சிரட்டைக்கரியும் உடைத்த செங்கல்லும் கலந்தால் போதும். தண்ணீர் ஊற்றினால் உடனே அடியால் வழிய வேண்டும். காட்டிலிருந்து மரப்பன்னத்தின் தண்டை வெட்டிவந்து கலக்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது மெதுவாக வளரும், காப்பாற்றப்பட வேண்டிய மரம்.

சாடியை விறாந்தையிலிருந்து எடுத்து, கிழக்குப் பார்த்த யன்னலோரம் உள்ளே வையுங்கள். வெயில் நேரே படக்கூடாது, அதேசமயம் பனிமூட்ட மாதங்களில் இருட்டு மூலையும் ஆகாது. இரவில் 15 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், ஜனவரி, பெப்ரவரியில் கவனம் தேவை. விரல் விட்டுப் பார்த்து, மேல்பகுதி உலர்ந்த பிறகு காலையில் மட்டும் மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். விரியும் இலையைக் கையால் தொடாதீர்கள், அந்த வயதில் ஒரு கீறல் விழுந்தாலும் கடைசிவரை தழும்பாக நிற்கும்.

பார்சல் விஷயம். அனுமதிப்பத்திரமும் ஏற்றுமதி நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் எடுக்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. அந்தூரியத்தைத் தாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா வெளியே ஒன்றும் காட்டாத செடியிலும் ஒளிந்திருக்கும். 1980களில் ஹவாயின் அந்தூரியப் பண்ணைகளை அது பெரிய அளவில் அழித்தது. நம் ஊரில் முன்வாசலில் அந்தூரியம் வளர்த்துப் பூ விற்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய வருமானத்தோடு விளையாடக் கூடாது. உள்ளூரில் விதையிலிருந்து வளர்த்தவரிடம் கேட்டு வாங்குங்கள். காட்டில் பிடுங்கியதா என்று கேட்கவும் தயங்காதீர்கள்.

உங்கள் செடிக்குப் புது வேர்முனை தெரியும்வரை உரம் எதுவும் வேண்டாம். அப்புறமும் பொதியில் சொன்ன அளவில் கால்பங்கு போதும்.