பாலம் ஏன் கவிழ்கிறது? டியர்ஸ் ஆஃப் த கிங்டமில் கட்டிப் பழகும் வழி

கேள்வி: நிண்டெண்டோவின் செல்டா வரிசை வீடியோ கேமான டியர்ஸ் ஆஃப் த கிங்டம் ஆடத் தொடங்கி 30 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கதை பிடித்திருக்கிறது, ஹைரூல் என்ற அந்த உலகத்தைச் சுற்றி வரவும் பிடித்திருக்கிறது. ஆனால் எதையாவது கட்ட வேண்டி வந்தால் கை ஓடவில்லை. பாலம் போட்டால் உருண்டுவிடுகிறது. பறக்கும் வண்டி கட்டினால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஆயுதம் வேறு உடைந்துகொண்டே இருக்கிறது. வீடியோக்களில் மற்றவர்கள் ராட்சத எந்திரங்களைக் கட்டி ஓட்டுகிறார்கள். இதற்குப் பிறவியிலேயே கற்பனை வேண்டுமா, பழகினால் வருமா? முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டுமா?

பதில்: பழகினால் வரும். முதலிலிருந்து தொடங்கத் தேவையே இல்லை.

அந்த வீடியோக்களை முதலில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவை பல நாள் உழைப்பு. அவற்றைக் கட்டியவர்கள் ரசித்துச் செய்கிறார்கள், பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த கேமை முடிக்க அப்படி எதுவும் தேவைப்படாது. எனக்குத் தெரிந்து நல்ல ஆட்டக்காரர்கள் அன்றாடம் கட்டுவதெல்லாம் இரண்டு, மூன்று பொருளில் முடிந்துவிடும். "என்ன கட்டலாம்?" என்று யோசிக்க ஆரம்பித்தால் மனம் வெறிச்சென்று போகும். "இப்போது என்னைத் தடுப்பது எது?" என்று கேட்டுப் பாருங்கள். உயரமா, தூரமா, தண்ணீரா, எதிரியா? தடை எது என்று தெரிந்துவிட்டால் வேண்டிய பொருள் பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கும்.

உங்கள் பாலம் கவிழ்ந்ததற்குக் காரணமும் எளிமையானதுதான். இந்த உலகத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பொருளும் இயற்பியல் விதிப்படி நகர்கிறது. இந்த கேமின் தொழில்நுட்ப இயக்குநர் தகுஹிரோ டோட்டாவும் குழுவினரும் 2024-இல் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் இதைப் பற்றியே பேசினார்கள். பொருள்களை ஒட்டும் வசதியைக் கொண்டுவந்ததும், இயற்பியலுக்குக் கட்டுப்படாமல் தனியாக அசையும் பொருள்கள் எல்லாவற்றோடும் மோதிக் குழப்பம் செய்தன. அதனால் கதவு, பல்சக்கரம் வரை அத்தனையையும் எடையும் விசையும் கொண்டவையாக மாற்றினார்கள். நமக்கு இதில் நல்ல சேதி என்னவென்றால், வீட்டில் ஏணி சாய்த்து வைக்கும்போது உங்களுக்குத் தோன்றும் அறிவே இங்கேயும் செல்லும்.

இந்த கேமில் அல்ட்ராஹேண்ட், ரீகால், அசெண்ட், ஃப்யூஸ் என்று நான்கு முக்கிய சக்திகள். பொருள்களைத் தூக்கி நகர்த்தி ஒன்றோடொன்று ஒட்டும் அல்ட்ராஹேண்டில் ஆரம்பிப்போம். தடுமாற்றம் அதிகம் வருவது இதில்தான்.

மரத்தை வெட்டினால் கிடைக்கும் கட்டை உருண்டையானது. ஒற்றைக் கட்டையைப் பள்ளத்தின் குறுக்கே போட்டு நாயகன் லிங்க்கை நடக்க விட்டால் அது காலடியில் உருளத்தான் செய்யும். இரண்டு கட்டைகளைப் பக்கவாட்டில் சேர்த்து ஒட்டுங்கள், உருளாது. நீளம் போதவில்லை என்றால் நுனியில் இன்னொன்றைச் சேருங்கள். ஆனால் இரு கரையிலும் ஒரு லிங்க் நிற்கும் அளவுக்காவது பாலம் படிந்திருக்க வேண்டும். விளிம்பில் தொட்டுக்கொண்டு நிற்கும் பாலம் நீங்கள் நடுவில் போகும்போது வழுக்கிவிடும்.

அப்புறம், எங்கே வைத்துக் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். சரிவில் வைத்து ஒட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணத்தில் உட்காரும். சமதரைக்கு இழுத்து வந்து கட்டுங்கள். ஆர் பட்டனை அழுத்திக்கொண்டு திசைப் பட்டன்களைத் தட்டினால் பொருள் 45 டிகிரி கணக்கில் திரும்பும். ஒட்டப்போகும் இடத்துக்குப் பொருளை மெதுவாகக் கொண்டுபோனால், நடுப்பகுதி போன்ற சில இடங்களில் அது தானாகவே வந்து பொருந்திக்கொள்ளும். அந்தப் பொருத்தம் கிடைக்கும்வரை அவசரப்பட்டு ஒட்டாதீர்கள். உங்கள் பறக்கும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விசிறி நடுக்கோட்டிலிருந்து ஒரு விரல் அளவு தள்ளி ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். தப்பாக ஒட்டிவிட்டால் அந்தத் துண்டை மட்டும் பிடித்து வலது ஸ்டிக்கை வேகமாக ஆட்டுங்கள், பசை விட்டுப்போகும். முழுவதையும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை.

இனி ரீகால். பலரும் பாதி ஆட்டம் வரை இதை மறந்தே போகிறார்கள். எனக்கோ நான்கில் மிகப் பிடித்தது இதுதான். ஒரு பொருள் சற்று முன் நகர்ந்த பாதையில் அதைப் பின்னோக்கி அனுப்பும் சக்தி. ஆற்றில் அடித்துக்கொண்டு போன தெப்பத்தைத் திரும்ப அழைக்கலாம். பள்ளத்தில் விழுந்த பாலத்தைக் கரைக்குக் கொண்டுவரலாம். எதிரி உருட்டிவிட்ட பாறையை அவன் மேலேயே திருப்பி அனுப்பலாம். வானத்திலிருந்து விழும் பாறைத் துண்டின் மேல் ஏறி நின்று ரீகால் செய்தால் அது உங்களைச் சுமந்துகொண்டு மேலே போகும்.

அல்ட்ராஹேண்டையும் ரீகாலையும் சேர்த்தால் கட்டாமலே ஒரு லிஃப்ட் கிடைக்கும். கற்பனை வராது என்று சொல்லும் எவருக்கும் நான் முதலில் காட்டுவது இதைத்தான். தட்டையான ஒரு பலகையை அல்ட்ராஹேண்டால் பிடியுங்கள். எட்டும் உயரத்துக்குத் தூக்குங்கள். அங்கேயே சில நொடி நிறுத்தி வையுங்கள். பிறகு மெதுவாகத் தரைக்கு இறக்கி விட்டுவிடுங்கள். இப்போது பலகை மேல் ஏறி நின்று அதன் மேல் ரீகாலைப் பயன்படுத்துங்கள். நீங்கள் இறக்கிய அதே பாதையில் அது உங்களோடு மேலே எழும். நீங்கள் நிறுத்தி வைத்த அந்தச் சில நொடியும் அப்படியே திரும்ப வரும், அதற்குள் எதிரே உள்ள மேட்டுக்குத் தாவிவிடலாம். ஒரு சொட்டுப் பசைகூடச் செலவில்லை. இதை ஒருமுறை செய்துவிட்டால் இந்த உலகத்தின் சுவர்கள் கொஞ்சம் தாழ்ந்து தெரியும்.

அசெண்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மேல் கூரை இருந்தால் அதைத் துளைத்து மேலே போய்விடலாம். வட்டம் பச்சையாக மாறினால் முடியும், இல்லையென்றால் கொஞ்சம் நகர்ந்து வேறிடம் பாருங்கள். மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, எதிரிகள் இருந்தால் வெளியேறாமல் கீழே திரும்பிவிடவும் வழி இருக்கிறது. இது பிறந்த கதை சுவையானது. உருவாக்கும்போது குகையின் கோடி வரை போய்விட்டுத் திரும்பி நடப்பது சலிப்பாக இருந்ததால், சோதனைக்காக வைத்திருந்த குறுக்குவழியையே ஆட்டத்துக்கான சக்தியாக மாற்றிவிட்டோம் என்று இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷியும் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமாவும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் குகையை முடித்ததும் வந்த வழியே நடக்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். மலை ஏற முன்பும் அப்படியே: நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை விளிம்பின் அடியில் நின்றால் பாதி மலை ஏறும் வேலை மிச்சம்.

ஆயுதம் உடைவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு மருந்து ஃப்யூஸ், அதாவது ஆயுதத்திலோ கேடயத்திலோ அம்பிலோ இன்னொரு பொருளை ஒட்டும் சக்தி. ஹைரூலில் கிடைக்கும் ஆயுதங்கள் பெரும்பாலும் மக்கிப்போனவை. அவற்றை வெறுமனே வீசினால் வீண். கொன்ற எதிரியின் கொம்பை அதில் ஒட்டுங்கள். தாக்கும் வலிமை கூடும், ஆயுளும் நீளும். நல்ல கொம்பை "அப்புறம் பயன்படும்" என்று சேர்த்து வைப்பது நிறையப் பேர் செய்யும் தவறு. வலுவான எதிரிகள் திரும்பத் திரும்ப வருவார்கள், கொம்பும் கிடைத்துக்கொண்டே இருக்கும். தாராளமாகச் செலவழியுங்கள். கெருடோ என்ற பாலைவன இனத்தாரின் ஆயுதம் ஏதாவது கையில் கிடைத்தால் மட்டும் உங்களிடம் உள்ள சிறந்த கொம்பை அதற்கு ஒதுக்குங்கள், ஒட்டிய பொருளின் வலிமையை அது இரட்டிப்பாக்கும். தவறாக ஒட்டிவிட்டோம் என்று தோன்றினால் டாரி டவுன் என்ற ஊரில் உள்ள பெலிசனிடம் போங்கள், கோரோன் என்ற பாறை மனித இனத்தவன். இந்த உலகத்தின் பணமான ரூப்பீயில் 20 கொடுத்தால் இரண்டையும் சேதமில்லாமல் பிரித்துத் தருவான்.

ஃப்யூஸின் உண்மையான ருசி அம்பிலும் கேடயத்திலும்தான். கீஸ் என்ற வௌவால் எதிரியின் கண்ணை அம்பில் வைத்தால் அது இலக்கைத் தேடிப் போகும். மடில் பட் என்ற மொட்டை வைத்தால் எதிரிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். பஃப்ஷ்ரூம் என்ற காளானைக் கேடயத்தில் ஒட்டினால் முதல் அடியிலேயே புகை மண்டும், எதிரிகளுக்கு உங்களைத் தெரியாது. கேடயத்தில் ராக்கெட்டை ஒட்டி உயர்த்திப் பிடித்தால் நேராக வானத்துக்கு எழலாம். எதிரிகளின் கோபுரத்தின் மேல் குதிக்க இதைவிட விரைவான வழி இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த நீண்ட பட்டியலில் பொருளைத் தேடுவது எரிச்சலாக இருந்தால், பட்டியல் திறந்திருக்கும்போது ஒய் பட்டனைத் தட்டி, அதிகம் பயன்படுத்தியவை முன்னால் வரும்படி வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த நான்கும் கைக்கு வந்துவிட்டால், 30 மணி நேரம் ஆடியவருக்கு நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்று: ஒருமுறை கட்டியதைத் தானே திரும்பக் கட்டித் தரும் ஆட்டோபில்ட் சக்தியை இன்னும் வாங்கவில்லை என்றால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அதை வாங்குங்கள். லுக்அவுட் லேண்டிங் என்ற முகாமில் உள்ள ஜோஷா சொல்லும் பாதாள வேலைகளைத் தொடர்ந்து செய்தால் கிரேட் அபேண்டண்ட் சென்ட்ரல் மைன் என்ற சுரங்கத்துக்குப் போய்ச் சேர்வீர்கள், அங்கே கிடைக்கும். கையோடு மாஸ்டர் கோகா என்ற எதிரித் தலைவனோடு ஒரு சண்டையும் வரும், உணவு சமைத்து எடுத்துக்கொண்டு போங்கள். பாதாளம் இருட்டு, வெளிச்சம் தரும் பிரைட்ப்ளூம் விதைகள் நிறைய வேண்டும். நீங்கள் கடைசியாகக் கட்டிய 30 பொருள்களை ஆட்டோபில்ட் நினைவில் வைத்திருக்கும், பிடித்தவற்றில் 8-ஐத் தனியாகச் சேமிக்கலாம். பக்கத்தில் பொருள் கிடந்தால் அதை எடுத்துக் கட்டும். இல்லாத ஒவ்வொரு துண்டுக்கும் ஸோனைட் என்ற தாதுவில் 3 எடுத்துக்கொள்ளும். ஒருமுறை பொறுமையாகச் சரியாகக் கட்டினால் போதும், பிறகு என்றும் உங்கள் கையில்.

அப்படிச் சேமிக்க முதல் வண்டி எது என்றால், ஆட்டக்காரர்கள் ஹோவர்பைக் என்று அழைக்கும் எளிய வண்டிதான். இரண்டு விசிறி, நடுவில் ஒரு ஸ்டியரிங் ஸ்டிக், அவ்வளவே. ஆட்டோபில்டில் 9 ஸோனைட். விசிறிகளைக் காற்று கீழேயும் பின்னாலேயும் போகும்படி 45 டிகிரி சாய்த்து, ஒன்றை முன்னால், ஒன்றைப் பின்னால் ஒட்ட வேண்டும். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், இதில்தான் முழு சூட்சுமமும். பறக்கும்போது இடப்பக்கமே இழுத்தால் முன் விசிறியைப் பிரித்து மீண்டும் ஒட்டுங்கள். மூன்றாவது முயற்சிக்குள் வந்துவிடும். இறக்கை வைத்துக் கட்டும் விமானம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இறக்கை பறக்கத் தொடங்கி ஒரு நிமிடம் போல ஆனதும் மின்னி மறைந்துவிடும். விசிறியும் ஸ்டிக்கும் அப்படி மறைவதில்லை. பேட்டரி தீர்ந்தால்தான் இறங்கும்.

இந்த எந்திரங்களை ஓட்டும் பேட்டரியை மறக்க வேண்டாம். ஆரம்பப் பேட்டரியோடு எதைக் கட்டினாலும் பாதியில் நின்றுவிடும், அதை உங்கள் கட்டுமானத்தின் குறை என்று நினைத்துக்கொள்வீர்கள். பாதாளத்தில் ஸோனைட் வெட்டி அதைக் கிரிஸ்டலாக மாற்றிக்கொள்ளுங்கள். 100 கிரிஸ்டலுக்கு ஒரு பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு கூடும். மேடும் பள்ளமுமான இடத்தில் வண்டியை ஓட்டும்போது இறக்கத்தில் விசையை அணைத்துவிட்டால் பேட்டரி தானாக நிரம்பிக்கொள்ளும்.

பயிற்சிக்கு நல்ல இடம் எது என்று கேட்டால், சாலையோரங்களில் விளம்பரப் பலகையைப் பிடித்துக்கொண்டு திண்டாடும் அடிசனைக் காட்டுவேன். ஹைரூல் முழுக்க 81 இடங்களில் நிற்கிறார். நிறையப் பேர் அவரைக் கடந்து போய்விடுகிறார்கள். உங்களுக்கோ அவர்தான் ஆசிரியர். ஒவ்வொரு பலகையும் ஒரு பக்கம் கனமாக இருக்கும். அவர் கையை எடுத்தாலும் சாயாமல் நிற்க வைக்க வேண்டும், தேவையான பலகையும் கட்டையும் பக்கத்திலேயே குவிந்திருக்கும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தில் தரை தொடும்படி ஒரு முட்டு கொடுங்கள். அல்லது அடியில் நீளமான கட்டையைக் குறுக்காக ஒட்டி அகலமான பாதம் செய்யுங்கள். தவறினால் நட்டம் எதுவுமில்லை, பலகை விழும், மறுபடி கட்டலாம். நின்றுவிட்டால் பரிசும் உண்டு. பத்துப் பலகை நிறுத்தியபின் நீங்கள் போட்ட பழைய பாலத்தை நினைத்துப் பாருங்கள், அது எந்தப் பக்கம் ஏன் சாய்ந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஹோவர்பைக்கில் எல்லா இடத்துக்கும் பறந்து போவது ஏமாற்றா என்று சிலர் கேட்பதுண்டு. ஏமாற்று இல்லை. ஆனாலும் தூரத்தைக் கடக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், புதிர் இருக்கும் இடத்தில் இறங்கிவிடுங்கள் என்பது என் ஆலோசனை. அங்கே கிடக்கும் நான்கு பொருளை வைத்து, உருவாக்கியவர்கள் நினைக்காத ஒரு வழியில் நீங்கள் அக்கரை சேரும்போது வரும் சந்தோஷத்தை அந்த வண்டியால் தர முடியாது.

இன்று விளையாட உட்கார்ந்தால் முதல் வேலையாக ஒரு பலகையைத் தூக்கி இறக்கி, அந்த ரீகால் லிஃப்டைச் செய்து பாருங்கள். பிறகு வழியில் எதிர்ப்படும் முதல் அடிசனிடம் நின்றுவிடுங்கள்.